கத்தோலிக்கக் கல்லூரியில ஃபீஸ் குறைச்சுக் கொடுத்தாங்களே, அது பிற்காலத்துல எதுக்காவது உதவுச்சா?

திண்டுக்கல்_சித்தப்பா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

அண்ணன் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. ஆர்.சி. (கத்தோலிக்க) எய்டட் ஸ்கூல், அதாவது அரசு உதவி பெறுற பள்ளி, தமிழ் மீடியம், கணக்குல நல்ல மார்க். அண்ணனுக்கு லேத் பட்டறையில வேலை, அண்ணி வீட்ல பூ கட்டிக் கொடுக்கிறாங்க. குடும்பத்துல காலேஜ் படி மிதிக்கப்போற முதல் ஆள் இவதான்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சிஸ்டர்ஸ் நடத்துற கல்லூரியில பி.எஸ்சி. கணிதம். எய்டட் பிரிவுல சீட் தீர்ந்துபோச்சு, அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவுலதான் கிடைச்சது. போய்ப் பேசினப்ப, "ஃபீஸ்ல பாதி குறைக்கப் பார்க்கிறோம், ஆனா வருஷா வருஷம் மனு எழுதணும், அட்டண்டன்ஸ் குறையக்கூடாது"ன்னாங்க. இன்னொண்ணு, ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட். பேங்க் லோனை அவங்களே ஏற்பாடு பண்ணித் தர்றாங்களாம்.

அண்ணனுக்கு இன்ஜினியரிங்லதான் மனசு. "சலுகையில போனா புள்ளைய இளக்காரமாப் பார்ப்பாங்கடா. லோன்னா அது நம்ம காசு" அப்படிங்கிறாரு. எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியல.

இந்த மாதிரி உதவியில படிச்சு வெளிய வந்து பத்து இருபது வருஷம் ஆனவங்க இருந்தா சொல்லுங்க. அந்தப் பணம் அன்னைக்கு உதவுச்சுங்கிறது தெரியும். அதுக்கப்புறம்? "ஃபாதருக்கு நன்றி"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க.

மெஸ்பில்98

சித்தப்பா, என் பேரைப் பார்த்தே புரிஞ்சிருக்கும். 1995-98, சேசு சபை (ஜெசூயிட் ஃபாதர்கள்) நடத்துற கல்லூரி, பி.எஸ்சி. இயற்பியல், ஹாஸ்டல். எங்கப்பா பனையேறி. பதநீர் இறங்குற நாலஞ்சு மாசம் வீட்ல காசு புழங்கும், மத்த மாசமெல்லாம் கடன்தான்.

ரெண்டாம் வருஷம் நாலு மாச மெஸ் பில் பாக்கி. நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டிட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள கட்டலைன்னா மெஸ்ல சாப்பாடு கிடையாது. என் பேரு ஆறாவது. ஞாயித்துக்கிழமை பூசைக்கு எல்லாரும் போன நேரமாப் பார்த்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஊருக்குப் போயி மாமாகூட சூரத்துக்கு வேலைக்குப் போறதா முடிவு. கேட் வாசல்ல வார்டன் ஃபாதர் மாட்டிக்கிட்டாரு. மாட்டிக்கிட்டது நான்தான், அவரில்ல.

ஒரு வார்த்தை அட்வைஸ் இல்ல. "நாளையில இருந்து சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் லைப்ரரிக்கு வா, புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போடணும், ஆள் இல்ல"ன்னாரு. பழுப்பு அட்டை, கோதுமைப் பசை, முதுகுல வெள்ளை லேபிள். ஒன்றரை வருஷம் போட்டேன். கூலியை மெஸ் பில்லுல கழிச்சுக்கிட்டாங்க.

இப்ப உங்க அண்ணன் சொன்ன இளக்காரத்துக்கு வர்றேன். மாசாமாசம் கவுண்டர்ல ரசீது கொடுப்பாங்க. காசு கட்டினவனுக்கு என்ன ரசீதோ அதேதான் எனக்கும். "உதவி", "ஏழை மாணவர்" அப்படின்னு ஒரு எழுத்து இருக்காது. பெற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். என் ரூம்மேட்டுக்குக்கூட மூணாம் வருஷம் வரைக்கும் தெரியாது. அந்த ரசீதுல நாலஞ்சு இன்னும் வீட்ல கிடக்கு.

மொத்தமாக் கூட்டிப் பார்த்தா மூவாயிரத்து ஐந்நூறு ரூபாகூட இருக்காது. ஆனா அது இல்லைன்னா நான் சூரத். டிகிரி முடிச்சப்போ தலையில கடன் இல்ல, அதனால உடனே பி.எட். சேர முடிஞ்சது. பிறகு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி இப்ப அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியர். கடன் இருந்திருந்தா பி.எட். வாய்ப்பே இல்ல, கிடைச்ச கம்பெனியில போய் உட்கார்ந்திருப்பேன். என் தங்கச்சி என் சம்பளத்துல நர்சிங் படிச்சா. அப்பா 2006-ல மரம் ஏறுறதை நிறுத்தினாரு. நிறுத்த வச்சேன்னு சொல்லணும், அவரா நிறுத்தல.

கேள்விக்குறி

நல்ல கதைதான் சார், மறுக்கல. ஆனா பெட்டியோட கேட்டைத் தாண்டிப் போனவன் இந்த இழைக்கு வந்து எழுதமாட்டான். ஃபாதர் கண்ணுல படாம பின்பக்கமாப் போனவன் எத்தனை பேரு? ஜெயிச்சவன் சொல்றதை மட்டும் வச்சு "நீண்டகாலப் பலன்"னு பேசுறது சரியா?

இன்னொண்ணு. இந்தக் கல்லூரிகளோட வயசைச் சொல்லிப் பெருமைப்படுறோம். திருச்சி ஜோசப் கல்லூரி 1844-ல நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு 1883-ல திருச்சிக்கு வந்தது. பாளையங்கோட்டை சவேரியார் 1923. லயோலா 1925. தொடக்க காலத்துல ஜோசப் கல்லூரியில படிச்சவங்க பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். ஏழைக்குக் கதவு திறந்த கதை ரொம்பப் பிற்பாடு வந்தது.

அட்டை_போடாதவன்

கலாம் ஐயா ஜோசப் கல்லூரிதானே? அவரே பெரிய உதாரணம்.

கேள்விக்குறி

கலாம் பேரை எல்லாத்துக்கும் இழுக்காதீங்க தம்பி. ஜோசப்ல பி.எஸ்சி. முடிச்சது 1954. சென்னை எம்.ஐ.டி.யில சேர ஆயிரம் ரூபா தேவைப்பட்டப்போ அவர் அக்கா ஜோகரா வளையலையும் செயினையும் அடகு வச்சாங்க. அது கல்லூரி உதவி இல்ல, அக்கா உதவி.

கணக்குப்பிள்ளை

நான் ஒரு எய்டட் கத்தோலிக்கக் கல்லூரியின் அலுவலகத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொன்னால்தான் சித்தப்பாவுக்கு முடிவெடுக்க முடியும்.

எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அதனால் ஃபீஸ் மிகக் குறைவு. அங்கே சேர்ந்துவிட்டாலே அது பெரிய உதவி, அதற்கு யாரும் மனு எழுத வேண்டியதில்லை. சுயநிதியில் அப்படியல்ல. ஆசிரியர் சம்பளம், கரண்ட் பில், லேப் எல்லாம் பிள்ளைகள் கட்டும் ஃபீஸ்தான். அங்கே ஒருவருக்குப் பாதி குறைத்தால் அந்தப் பாதி வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

எங்கிருந்து? எனக்குத் தெரிந்த வரை நாலு ஊற்று. முதலாவது, எய்டட் பணியிடத்தில் பாடம் நடத்தும் ஃபாதர், சிஸ்டர்களின் சம்பளம். அது அவர்கள் கைக்குப் போகாது, சபைக்குப் போய்விடும். அதில் ஒரு பகுதி பிள்ளைகள் ஃபீஸுக்கு வருவதை நானே கணக்கில் எழுதியிருக்கிறேன். பல காலம் இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கவில்லை. பிறகு வழக்காகி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிடித்தம் செய்ய வேண்டும் என்று முடித்துவிட்டது. வரி கட்டுவது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊற்று அந்த அளவுக்குச் சுருங்கும்.

இரண்டாவது, வெளிநாட்டு நன்கொடை. ஒரு காலத்தில் ஜெர்மனி, இத்தாலியில் ஒரு குடும்பம் இங்கே ஒரு ஹாஸ்டல் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் அனுப்பும். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளை நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அதை ஆங்கிலமாக்குவது என் வேலை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்ட பிறகு ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது. மறைமாவட்டம் (பிஷப்பின் நிர்வாகம்) வாங்கிக் கல்லூரிக்குக் கொடுக்கும் பழைய வழி அதோடு அடைபட்டது.

மூன்றாவது, அறக்கட்டளைப் பரிசுகள். அப்பா நினைவாக ஒரு லட்சம் போடுவார்கள், வட்டியை ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். 1995-ல் வட்டி 12 சதவீதம், பன்னிரண்டாயிரம் கிடைத்தது, ஒரு பிள்ளைக்கு முழு ஆண்டு ஃபீஸ் போகக் கையில் மிஞ்சும். இன்று அதே லட்சத்துக்கு ஏழாயிரம் கிடைத்தால் பெரிது. சுயநிதியில் ஒரு செமஸ்டருக்கே போதாது. போர்டில் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான்காவது பழைய மாணவர்கள். இப்போது உண்மையில் ஓடும் ஊற்று இது ஒன்றுதான் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. ஃபாதரும் சிஸ்டரும் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். வாயால் சொன்ன சலுகை அவரோடு வண்டி ஏறிவிடும். புதிதாக வந்தவர், "அப்படி ஒரு ஃபைல் இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஃபைல் இருக்காது. மூன்று வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஷிஃப்ட்_ரெண்டு

கணக்குப்பிள்ளை ஐயா, ஐந்தாவது ஊற்று ஒண்ணை விட்டுட்டீங்க. எங்க சம்பளம்.

நான் ஒரு கல்லூரியில சுயநிதிப் பிரிவு உதவிப் பேராசிரியர், எந்தக் கல்லூரின்னு வேண்டாம். காலையில எய்டட்ல பாடம் நடத்துறவர் வாங்குறதுல நாலுல ஒரு பங்குகூட எனக்கு இல்ல. "பிள்ளைங்களுக்குச் சலுகை கொடுக்கிறோம், அதனால இந்த வருஷம் இன்கிரிமென்ட் பார்க்கலாம்"னு ஸ்டாஃப் மீட்டிங்ல சொன்னதை ரெண்டு தடவை கேட்டிருக்கேன். சலுகை வாங்குற பிள்ளை மேல எனக்குக் கோபம் இல்ல, அதுங்கதான் முதல் பெஞ்சுல உட்காருது. ஆனா அந்தத் தர்மத்துல என் பங்கும் இருக்குன்னு போர்டுல யாரும் பேர் எழுதல.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். மறைத்ததாக நினைக்க வேண்டாம். சம்பளப் பட்டியல் போட்டவனே நான்தான்.

உப்பளம்

சித்தப்பா, இது ஒரு அக்காவோட பதில்னு உங்க அண்ணன் பொண்ணுகிட்ட காட்டுங்க.

தூத்துக்குடி. சிஸ்டர்ஸ் கல்லூரி, பி.காம்., 2006-09. அம்மா உப்பளத்துல வேலை. அப்பா இல்ல. எனக்குக் கிடைச்ச உதவி விசித்திரமானது. ஒரு ரூபா குறைக்கல. தேதியை மாத்தினாங்க.

உப்பள வேலை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜனவரி பாதிக்கு மேல பாத்தி கட்ட ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் வாருவாங்க. ஐப்பசி மழை விழுந்ததும் எல்லாம் நின்னுடும். தை வரைக்கும் கூலி கிடையாது. செமஸ்டர் ஃபீஸ் எப்ப வரும்? நவம்பர் கடைசி, டிசம்பர். வருஷத்துல வீட்ல அரிசியே கடன்ல வர்ற நேரம் பார்த்து. அந்த மூணு மாசத்துக்கு அம்மா கந்துவட்டிக்காரர்கிட்ட வாங்குவாங்க, கோடை முழுக்க உப்பு வாரி அதை அடைப்பாங்க. பிளஸ் டூ வரைக்கும் இதேதான் நடந்தது.

முதல் வருஷம் ஃபைன் போட்டு ஃபீஸ் கட்டப் போனப்ப ஆபீஸ்ல இருந்த சிஸ்டர், "ஜூன்ல கரெக்டா கட்டினியே, டிசம்பர்ல ஏன் லேட்டு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு சின்ன டைரியை எடுத்து என் பேருக்கு நேரா "மார்ச்"னு எழுதினாங்க. அவ்வளவுதான். அடுத்த ரெண்டு வருஷமும் ரெண்டாவது தவணையை மார்ச்சுலதான் கட்டினேன். ஃபைன் இல்ல, ஹால் டிக்கெட்டை நிறுத்தல. அம்மா அந்த ரெண்டு வருஷமும் படிப்புக்குன்னு வட்டிக்கு வாங்கல. வட்டி நின்னதுல மிஞ்சின காசுல வீட்டுக் கூரையை மாத்தினோம். கல்லூரிக்கு இதுல செலவு என்ன? மூணு மாசக் காத்திருப்பு.

பிடிக்காததையும் சொல்றேன். மூணாம் வருஷம் ஒரு அறக்கட்டளைப் பரிசு கொடுத்தாங்க. அசெம்பிளியில மைக்ல "வறுமை நிலையில் உள்ள மாணவி"ன்னு வாசிச்சாங்க. மேடை ஏறி வாங்கின அந்த ஆயிரத்து ஐந்நூறை விட டைரியில எழுதின அந்த ஒத்தை வார்த்தைதான் எனக்குப் பெருசு. உங்க அண்ணன் பயப்படுறது சும்மா இல்ல. எப்படிக் கொடுக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க, எவ்வளவுங்கிறதை அடுத்தாப்புல பார்க்கலாம்.

இப்ப பேங்க்ல இருக்கேன். ஒரு தம்பி பாலிடெக்னிக் முடிச்சுட்டான். இன்னொருத்தன் நான் எவ்வளவு சொல்லியும் பாதியில விட்டுட்டு லாரிக்குப் போயிட்டான். அதனால ஒரு ஆள் படிச்சா குடும்பமே மேல வந்துரும்னு நான் சொல்லமாட்டேன்.

லோன் பத்தி, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி 10.5 சதவீதம்னு வச்சுக்குவோம். படிக்கிற நாலு வருஷமும் அப்புறம் ஒரு வருஷமும் கட்ட வேண்டாம்னு சொல்வாங்க. கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடும். முதல் தவணை ஆரம்பிக்கிறப்போ நாலு லட்சம் கிட்டத்தட்ட அஞ்சரை லட்சமா நிக்கும். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் ஏழாயிரத்து நானூறு. பொண்ணுக்கு முதல் வேலையில பதினஞ்சாயிரம் சம்பளம்னா பாதி அங்கேயே போச்சு. "லோன்னா நம்ம காசு"ன்னு உங்க அண்ணன் சொல்றாரு. முப்பத்திரண்டு வயசு வரைக்கும் அது பேங்க் காசு.

ஷிஃப்ட்_ரெண்டு

டைரியில "மார்ச்". இதை எங்க ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கிறேன். இப்ப எல்லாம் ஆன்லைன் போர்ட்டல், கடைசித் தேதி தாண்டினா அதுவாவே ஃபைன் போட்டுரும். அதுகிட்ட உப்பளத்தைப் பத்தி யார் பேசுறது?

கீழத்தெரு

எல்லாரும் சுத்தி வர்ற ஒரு விஷயத்தை நான் நேராவே சொல்லிடறேன். நான் தலித் கிறிஸ்தவன். 2001-04, கத்தோலிக்கக் கல்லூரி, வரலாறு.

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிங்கிறது இந்துக்களுக்கு மட்டும். 1956-ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. நாங்க இன்னும் வெளியதான். தமிழ்நாட்டுல எங்க சான்றிதழ் பி.சி. ஆனா "மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர்"னு தனியா வச்சு, மாநில அரசு தன் காசுல போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல படிக்கிறதுக்கு) உதவித்தொகை கொடுக்குது. அது இல்லைன்னா நானெல்லாம் இல்ல. அதனால எல்லாப் புகழும் கல்லூரிக்கேன்னு யாரும் எழுதாதீங்க.

ஆனா அந்தப் பணம் எப்ப வந்தது? ஜூன்ல சேர்ந்தா மார்ச்சுல வரும். ஒரு வருஷம் நான் அடுத்த வகுப்புக்குப் போனப்புறம்தான் வந்தது. அது வரைக்கும் பரீட்சை எழுத விட்டது கல்லூரி. "ஸ்காலர்ஷிப் வரும், வந்ததும் எடுத்துக்கிறோம்"னு பர்சார் ஃபாதர் (கல்லூரிப் பணக் கணக்கைப் பார்க்கிறவர்) ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரு. அதைக் காட்டி ஹால் டிக்கெட் வாங்குவேன். என் கூடப் படிச்ச பக்கத்து ஊர்ப் பையன் வேற ஒரு தனியார் கல்லூரியில சேர்ந்தான். அங்க "முதல்ல நீ கட்டு, வந்ததும் திருப்பித் தர்றோம்"னு சொல்லிட்டாங்க. மூணாவது செமஸ்டரோட நின்னுட்டான். அவனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அந்தத் துண்டுச் சீட்டு.

அதே கல்லூரி ஹாஸ்டல்ல எந்தத் தெரு, எந்தப் பங்கு (சர்ச்) ன்னு கேட்டு சாதியைக் கண்டுபிடிக்கிற பசங்களும் இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஒரே பலிபீடம், சாயங்காலம் வேற வேற டீக்கடை. கல்லூரிக்கு அது தெரியாம இல்ல. ஆனா அங்கதான் ஒரு பேராசிரியர் எனக்கு ஆவணக் காப்பகம்னா என்னன்னு காட்டினார். இப்ப ஒரு அரசு அலுவலகத்துல இருக்கேன். ரெண்டுமே நடந்தது. எதை எதுல கழிக்கிறதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

கேள்விக்குறி

இதுக்கு நான் எதிர்க்கேள்வி போடப் போறதில்ல.

சிகாகோ_குளிர்

அமெரிக்கால இருந்து ஒரு ஒப்பீடு, தேவைப்பட்டா எடுத்துக்கங்க. இங்க கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்னா விளம்பரத்துல போடுற ஃபீஸ் ஒண்ணு, கட்டுற ஃபீஸ் ஒண்ணு. ஆடித் தள்ளுபடி மாதிரி, முதல்ல பெரிய விலையைப் போட்டு அப்புறம் "உனக்காகக் குறைச்சோம்"பாங்க. ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கத்தோட பெல் மானியம் ஒண்ணு இருக்கு, 2024-25-ல அதிகபட்சம் வருஷத்துக்கு 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். பெரிய கல்லூரி ஃபீஸ்ல அது ஒரு மூலைக்குக்கூடப் போதாது, மிச்சத்துக்குக் கடன்.

இதைப் பார்த்துட்டு சிகாகோ லயோலா பல்கலைக்கழகம் 2015-ல அருப்பே கல்லூரின்னு ரெண்டு வருஷப் படிப்புக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிச்சது. சேசு சபைத் தலைவரா இருந்த பேத்ரோ அருப்பே பேருல. வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு. கடன் இல்லாமலோ ரொம்பக் கொஞ்சமாவோ முடிச்சு நாலு வருஷக் கல்லூரிக்கு மாறிப் போகலாம்ங்கிறது ஏற்பாடு. இதுல நான் கவனிச்சது, காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அங்கேயே கொடுக்கிறாங்க. இவ்வளவு பணக்கார நாட்டுலயும் கடைசியில மெஸ்பில் சார் கதைதான். பிள்ளை படிப்பை விடுறது பெரும்பாலும் ஃபீஸால இல்ல, அதைச் சுத்தி இருக்கிற சில்லறைச் செலவால.

மெஸ்பில்98

நான் சூரத்துக்குப் போயிருந்தா இந்த உலக மேடை கிடைச்சிருக்காது 😀

அட்டை_போடாதவன்

சித்தப்பா, ஒரு சின்னத் தகவல். முதல் பட்டதாரிச் சலுகை இருக்கேன்னு இன்ஜினியரிங் காலேஜ்ல சொல்லியிருந்தா நம்பாதீங்க. அது கவுன்சிலிங் வழியா சேர்றவங்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல சேர்ந்தா மொத்த ஃபீஸையும் அரசே கட்டும், ஆனா அது அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு. உங்க பொண்ணு எய்டட் ஸ்கூல், அதனால வராது.

ஆனா புதுமைப்பெண் வரும், அது காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாநில அரசு கொடுக்கிற மாச உதவி. 2022-ல ஆரம்பிச்சப்போ அரசுப் பள்ளி மட்டும்தான். 2024 டிசம்பர்ல எய்டட் பள்ளித் தமிழ் மீடியத்துக்கும் விரிச்சுட்டாங்க. மாசம் ஆயிரம் நேரா பொண்ணோட அக்கவுண்டுக்கு வரும். ஆறாவதுல இருந்தே தமிழ் மீடியம்தானான்னு மட்டும் பார்த்துக்கங்க.

உப்பளம்

இது முக்கியம். அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுல கலக்க வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்க. பஸ், ஜெராக்ஸ், பரீட்சை ஃபீஸ், நாப்கின். இதுக்கெல்லாம் அப்பாகிட்ட கேட்கக் கூச்சப்பட்டே எத்தனை பொண்ணுங்க லீவு போடும் தெரியுமா?

கேள்விக்குறி

ஒரு கேள்வி பாக்கி. பி.எஸ்சி. கணிதம் முடிச்சா வேலை கிடைக்குமா? கடன் இல்லாம வேலையும் இல்லாம இருக்கிறதுல என்ன லாபம்?

ஷிஃப்ட்_ரெண்டு

நியாயமான கேள்வி. வெறும் டிகிரிக்கு இன்னைக்கு மதிப்பு கம்மிதான், நடத்துற நானே சொல்றேன். கணிதத்துக்கு பி.எட்., எம்.எஸ்சி., வங்கித் தேர்வு, குரூப் தேர்வு, எம்.சி.ஏ. அப்படின்னு கிளை நிறைய. ஆனா அது எல்லாத்துக்கும் டிகிரிக்கு மேல ஒண்ணு ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம உட்காரணும். கடன் இருக்கிற பொண்ணால உட்கார முடியாது. என்கிட்ட படிச்சவங்கள்ல நல்ல இடத்துக்குப் போனவங்க பெரும்பாலும் அந்த ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சவங்க. சிலர் தாக்குப்பிடிச்சும் கிடைக்கல, அதையும் சேர்த்துக்கங்க.

திண்டுக்கல்_சித்தப்பா

எல்லாத்தையும் வாசிச்சேன். அண்ணனை உட்கார வச்சு உப்பளம் அக்கா போட்ட கணக்கை மட்டும் படிச்சுக் காட்டினேன். ஏழாயிரத்து நானூறுன்னதும் ஒண்ணும் பேசல, எழுந்து போய் பட்டறையில வெல்டிங் வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. ராத்திரி சாப்பிடறப்ப, "அந்த சிஸ்டர் காலேஜ்ல பேரை மைக்ல வாசிப்பாங்களான்னு கேட்டுட்டு வா"ன்னாரு.

நேத்து நானும் பொண்ணும் போயிருந்தோம். கேட்டோம். ஆபீஸ்ல இருந்த சிஸ்டர் சிரிச்சுட்டு, "முன்னாடி வாசிச்சோம், ஒரு பழைய மாணவி கடுதாசி போட்டுத் திட்டினாங்க, நிறுத்திட்டோம்"னாங்க. (உப்பளம் அக்கா, நீங்க இல்லையே?) மூணு வருஷத்துக்கும் எழுத்துல கேட்டதுக்கு உடனே சரின்னு சொல்லல. முதல் வருஷம் பாதி குறைக்கிறதா எழுதித் தர்றோம், அடுத்த ரெண்டு வருஷத்துக்கு "தகுதியைப் பொறுத்து"ன்னுதான் போட முடியும்னாங்க. அது போதுமான்னு தெரியல. பொண்ணு குறுக்க புகுந்து லைப்ரரியில வேலை இருக்கான்னு கேட்டா. அட்டை போடுற வேலை இப்ப இல்லையாம், பார்கோடு ஒட்டணுமாம். ஜூலையில வந்து பேர் கொடுக்கச் சொல்லியிருக்காங்க.

வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கேட்கிறாங்க. இ-சேவையில இன்னைக்கு சர்வர் படுத்துருச்சு. நாளைக்குக் காலையில மறுபடியும் போகணும்.

உப்பளம்

நான் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா என் சார்புல ஒரு டீ வாங்கிக் கொடுங்க.

கணக்குப்பிள்ளை

"தகுதியைப் பொறுத்து" என்பதற்குப் பக்கத்தில் என்ன தகுதி என்று எழுதச் சொல்லுங்கள். அட்டண்டன்ஸ் எத்தனை சதவீதம், அரியர் எத்தனை வரை. எழுதுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தேதி, சீல் பாருங்கள்.

மெஸ்பில்98

ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. ஒண்ணு பொண்ணோட பையில.